விலாசமும் வேலையும்



வழக்கமாக இந்த நினைவுச் சொற்பொழிவை ஒருவர் எழுதி அவரே வாசிப்பார். இந்த ஆண்டு நான்கு பேர் சேர்ந்து எழுதியிருக்கிறோம். எங்களில் இருவர் கண்ணகி நகரில் வளர்ந்தவர்கள், ஒருவர் செம்மஞ்சேரி, ஒருவர் பெரும்பாக்கம். வாசிப்பது ஒரு குரல்தான் என்றாலும் உரை முழுக்க 'நாங்கள்' என்றே பேசுகிறது. எங்களுக்குள் ஒத்துப்போகாத இடமும் ஒன்று உண்டு. அதை மறைக்காமல் கடைசியில் சொல்கிறோம்.

தோழரை உங்களில் பலர் மேடையில் பார்த்திருப்பீர்கள். நாங்கள் அவரைப் பஸ்ஸில் பார்த்தவர்கள். திருவல்லிக்கேணியில் ஓர் அச்சகத்தில் கம்பாசிட்டராகச் சேர்ந்து, ஈய எழுத்து ஒழிந்த பிறகு அதே அச்சகத்தில் பைண்டிங் வேலைக்கு மாறியவர். கூவம் கரையில் குடிசை இருந்தவரை பத்து நிமிட நடையில் வேலைக்குப் போனார். பகல் வேலை முடிந்து வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு, தேர்தல் நேரத்திலும் பள்ளிக்கூடம் திறக்கும் நேரத்திலும் ராத்திரி ஓவர்டைம் பார்க்கத் திரும்பப் போவார். அவர் சொல்வார்: "சம்பளம் வாடகைக்கும் அரிசிக்கும். ஓவர்டைம்தான் புஸ்தகத்துக்கு." கண்ணகி நகருக்கு வந்த பிறகு ஓவர்டைம் நின்றது. முதலாளி நிறுத்தவில்லை. கடைசி பஸ் நிறுத்தியது.

அவர் ஒரு நோட்டு வைத்திருந்தார். கவிதை நோட்டு என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். அவர் இறந்த பிறகு அவர் மகள் எங்களிடம் கொடுத்தபோதுதான் தெரிந்தது, பாதிக்கு மேல் நேரக் கணக்கு. எத்தனை மணிக்கு வீட்டிலிருந்து கிளம்பினார், எத்தனை மணிக்கு பஸ் வந்தது, எத்தனை மணிக்கு இறங்கினார், திரும்பி எப்போது வீடு சேர்ந்தார். நாங்கள் ஒரு மாதத்தைக் கூட்டிப் பார்த்தோம். போக வர ஒரு நாளைக்கு ஏறக்குறைய 4 மணி நேரம். 25 வேலை நாளுக்கு 100 மணி நேரம். 8 மணி நேர வேலை நாளாகப் பிரித்தால் மாதத்துக்கு 12½ நாள். இந்தப் பன்னிரண்டரை நாளுக்கு யாரும் சம்பளம் தரவில்லை. எட்டு மணி நேர வேலைக்காகப் பாட்டாளிகள் எத்தனை ஆண்டு போராடினார்கள் என்று தோழர் ஒவ்வொரு மே தினத்திலும் பேசுவார். அதே ஆள் பன்னிரண்டு மணி நேரத்தை வேலைக்காகச் செலவழித்துக்கொண்டிருந்தார் என்பதை மேடையில் ஒருமுறையும் சொன்னதில்லை.

இன்று நாம் பேச வந்தது இதைத்தான். எங்கே குடியிருக்கிறோம் என்பது என்ன வேலை கிடைக்கும், எவ்வளவு கூலி கையில் நிற்கும், யார் நம்மை வேலைக்கு எடுப்பார்கள் என்பதையெல்லாம் தீர்மானிக்கிறது. 'வேலை இருக்கிறது, இவர்கள் போவதில்லை' என்று சொல்லுகிறவர்களுக்கும், 'வீடு கொடுத்துவிட்டோமே, இன்னும் என்ன' என்று கேட்கிறவர்களுக்கும் சேர்த்தே பேசுகிறோம்.

எங்களில் ஒருவரின் அம்மாவிடமிருந்து தொடங்குகிறோம். அவர் அனுமதியோடுதான் சொல்கிறோம். சைதாப்பேட்டை பக்கம் அடையாற்றங்கரையில் குடிசை. பக்கத்துத் தெருக்களில் ஐந்து வீடுகளில் வேலை. காலை ஆறு மணிக்கு முதல் வீட்டு வாசல் தெளித்துக் கோலம் போட்டுப் பாத்திரம் துலக்கிவிட்டு வீட்டுக்கு வருவார், பிள்ளைகளைக் கிளப்பிப் பள்ளிக்கூடம் அனுப்புவார். எட்டரைக்கு இரண்டாவது வீடு, பிறகு மூன்றாவது, நான்காவது. மத்தியானம் வீட்டில் உலை. சாயங்காலம் ஐந்தாவது வீடும், முதல் வீட்டின் ராத்திரிப் பாத்திரமும். வீட்டுக்கு 2,000 ரூபாய் என்று மாதம் 10,000. சம்பளத்தோடு வேறு சிலவும் இருந்தன. பள்ளிக்கூடம் திறக்கும்போது கைமாத்து கேட்க ஐந்து வாசல். தீபாவளிக்கு ஐந்து புடவை. ஒரு வீட்டில் சண்டை வந்து நின்றால், அடுத்த தெருவில் சொல்லி வேறு வீடு பிடித்துத் தர நாலு பேர்.

2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றங்கரைக் குடிசைகளை எடுத்தார்கள். பெரும்பாக்கத்தில் எட்டு மாடிக் கட்டடத்தில் வீடு. நடுக் கல்வியாண்டில் சாமான் ஏற்றிய லாரியில் பிள்ளைகளும் ஏறினார்கள். அம்மா பழைய வேலையை விடவில்லை. ஆனால் ஆறு மணி வீட்டுக்கு நாலு மணிக்கே கிளம்ப வேண்டும், அது முடியவில்லை. இரண்டு மாதத்தில் அந்த வீட்டில் வேறு ஆள். சாயங்கால வீடும் போனது, அது முடித்து வீடு திரும்பினால் ராத்திரி ஒன்பதரை. நடுவில் வீட்டுக்கு வந்து போக முடியாததால் மத்தியான நேரத்தை ஒரு பிள்ளையார் கோயில் திண்ணைக்கு வெளியே மரத்தடியில் உட்கார்ந்து கழித்தார். ஐந்து வீடு இரண்டு வீடானது. 4,000 ரூபாய். ஷேர் ஆட்டோ, பஸ் எல்லாம் சேர்ந்து நாளைக்கு 50 ரூபாய் வீதம் 26 நாளுக்கு 1,300. மீதி 2,700.

யாரும் அவரை வேலையைவிட்டு நீக்கவில்லை. எந்தக் கணக்கெடுப்பிலும் அவர் வேலையிழந்தவர் ஆகமாட்டார். பத்தாயிரம் சம்பாதித்தவர் இரண்டாயிரத்து எழுநூறுக்கு இறங்கியது, ஓர் ஒதுக்கீட்டு ஆணையால் நடந்தது. அந்த ஆணையில் வீட்டின் அளவு இருந்தது, மாதாந்திரப் பராமரிப்புத் தொகை இருந்தது, வீட்டை விற்கக் கூடாது என்று இருந்தது. வேலை என்ற சொல் இல்லை.

ஆண்களுக்கு நடந்தது வேறு மாதிரி. கொத்தனாரும் சித்தாளும் கலாசியும் காலையில் ஒரு முனையில் நிற்பார்கள். நகரத்தில் அப்படிப் பல முனைகள் உண்டு. ஏழு மணிக்குள் மேஸ்திரி வந்து ஆள் பொறுக்கிவிடுவார். ஏழேகாலுக்கு இறங்குகிறவனுக்கு அன்றைக்கு வேலை இல்லை, பஸ் காசும் போச்சு. மேஸ்திரி முகம் தெரிந்த ஆளைத்தான் முதலில் கூப்பிடுவார். மாதத்தில் பத்து நாள் வராத முகம் மறந்துபோகும். இதையும் தோழர்தான் எங்களுக்குச் சொன்னார்: ஏழைக்கு வேலைவாய்ப்பு அலுவலகம் என்பது பக்கத்து வீட்டு ஆள். 'அங்க ஒரு ஆள் கேட்டாங்க, நீ போறியா' என்ற ஒரு வரிதான் நம்மில் பெரும்பாலோருக்கு வந்த பணி நியமன ஆணை. வாரியம் வீடுகளைக் குலுக்கல் முறையில் ஒதுக்கியது. குலுக்கல் நியாயமானது என்று நாங்களும் நினைத்தோம். ஆனால் ஒரே சந்தில் இருந்த நாற்பது குடும்பம் நாற்பது பிளாக்குக்குச் சிதறியபோது அந்த அலுவலகம் மூடப்பட்டது. எதிர்வீட்டில் இருப்பவர் எந்த ஆற்றங்கரையிலிருந்து வந்தவர், என்ன தொழில் தெரிந்தவர் என்று அறியவே எங்களுக்கு இரண்டு வருஷம் ஆயிற்று. வேலைக்குப் போன அம்மாமார்கள் கைக்குழந்தையை விட்டுப்போகும் பாட்டிகள் எங்கோ வேறு மாடியில் இருந்தார்கள், அதில் நின்ற வேலைகள் தனி.

இது ஏதோ திட்டமிடல் குறைபாடு, கொஞ்சம் பஸ் விட்டால் சரியாகிவிடும் என்று தோன்றலாம். பஸ் விடத்தான் வேண்டும். ஆனால் நம்முடைய குடியிருப்பை வைத்து நம்முடைய உழைப்பைக் கட்டுப்படுத்துவது பழைய விஷயம்.

1891இல் செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியர் ட்ரெமென்ஹீர் பறையர் நிலைமை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். 1892 செப்டம்பர் 30 தேதியிட்ட 1010ஆம் எண் அரசாணைக்கும் பஞ்சமி நிலத்துக்கும் அதுதான் வித்து என்பது இந்த அரங்கில் எல்லோருக்கும் தெரியும். நிலத்தைப் பேசும்போது நாம் அடிக்கடி விட்டுவிடுவது அதில் வரும் வீட்டுமனை விவகாரம். சேரி நின்ற மனை மிராசுதாருடையது. பண்ணையாள் கூலி கேட்டால், வேறு இடத்துக்கு வேலைக்குப் போனால், 'மனையைக் காலி செய்' என்ற ஒரு சொல் போதும். வீடு இழந்தவனுக்கு மறுநாள் எங்கும் நிற்க இடமில்லை. ஆகவே அவன் வேலையை விட முடியாது. சங்கிலி வயலில் இல்லை, வீட்டு வாசலில் இருந்தது. இன்று நாங்கள் குடியிருக்கும் பெரும்பாக்கமும் செம்மஞ்சேரியும் அன்று அதே செங்கல்பட்டு மாவட்டத்துக் கிராமங்கள்தாம்.

1968 டிசம்பர் 25 கீழ்வெண்மணியில் கேட்கப்பட்டது கூலி. பதில் வந்தது குடிசைக்கு. 44 உயிர்கள். அதற்குப் பிறகு 1971இல் தமிழ்நாட்டில் இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று, நில உடைமையாளரின் மனையில் குடியிருந்த விவசாயத் தொழிலாளிக்கு அந்த மனையைச் சொந்தமாக்கிய குடியிருப்புச் சட்டம். இன்னொன்று குடிசைப் பகுதிகள் சட்டம். முதல் சட்டம் ஓர் உண்மையை ஒப்புக்கொண்டது: நின்ற இடத்திலேயே உரிமை கிடைத்தால்தான் கூலிக்காரன் கூலியைப் பேரம் பேச முடியும். இரண்டாவது சட்டமும் அந்த மனதோடுதான் தொடங்கியது. 1970இல் உருவான குடிசை மாற்று வாரியம் ஆரம்ப ஆண்டுகளில் குடிசை இருந்த இடத்திலேயே மாடி வீடு கட்டியது. நகரத்துக்குள் இன்றும் நிற்கும் பழைய ஹவுசிங் போர்டுகள் அப்படி வந்தவை. சேரிக்காரன் கடற்கரை ஓரம் வாழ்ந்தான், மில்லுக்குப் பக்கத்தில் வாழ்ந்தான், துறைமுகத்துக்கும் பெரிய வீடுகளுக்கும் பின்னால் வாழ்ந்தான் என்றால் அங்கே அவன் வேலை இருந்தது. அவனுடைய ஒரே சொத்து, வேலைக்கு நடந்து போகும் தூரம்.

அந்தச் சொத்தைத்தான் 2000க்குப் பிறகு எடுத்துக்கொண்டார்கள். ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர், சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரி, பிறகு ஒன்றிய அரசின் நகரப் புனரமைப்புப் பணத்தில் எழில் நகரும் பெரும்பாக்கமும். கண்ணகி நகரில் மட்டும் 15,000க்கு மேல் வீடுகள். ஆரம்பத்தில் கட்டியவை 200 சதுர அடிகூட வராது. வாரியத்தின் பெயர் 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. பெயர்ப் பலகையில் குடிசை போய்விட்டது.

நீர்நிலையைக் காக்க எங்களை எடுத்தார்கள். காக்க வேண்டியதுதான். ஆனால் பக்கிங்காம் கால்வாய்க்குள்ளேயே தூண் நட்டுப் பறக்கும் ரயில் ஓடுகிறது, அதைப் பிடித்துத்தான் எங்களில் பலர் வேளச்சேரி வழியாக வேலைக்குப் போகிறோம். வெள்ளத்திலிருந்து காக்க எங்களைக் கொண்டுவந்து வைத்த இடம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டியது. செம்மஞ்சேரியில் மழைக்கால ராத்திரியில் யாரும் நிம்மதியாகப் படுப்பதில்லை.

கிராமத்தில் வீட்டைப் பிடித்து வைத்து நம்மை வேலையில் கட்டினார்கள். நகரத்தில் வீட்டைக் கொடுத்து வேலையிலிருந்து பிரித்தார்கள். இரண்டு இடத்திலும் கூலியைப் பேரம் பேசும் சக்தியை இழந்தவர்கள் நாம்தான்.

அமெரிக்காவில் 1968இல் ஜான் கெய்ன் என்ற பொருளாதார அறிஞர் சிகாகோவையும் டெட்ராய்ட்டையும் வைத்து இதே போன்ற ஒன்றை எழுதினார். தொழிற்சாலைகள் புறநகருக்குப் போய்விட்டன, கறுப்பின மக்களுக்குப் புறநகரில் வீடு கிடைக்காததால் நகரத்துக்குள்ளேயே அடைபட்டுக் கிடந்தார்கள், வேலை அவர்களைவிட்டு விலகிப்போனது. இங்கே திசை தலைகீழ். வேலை நகரத்துக்குள் இருக்க, எங்களை வெளியே வைத்தார்கள்.

ஆனால் இந்த இடத்தில் ஒரு மாணவர் எழுந்து கேட்கலாம், போன வாரம் ஒருவர் கேட்கவும் செய்தார்: "அண்ணா, உங்க வீட்டு வாசல்லயே ஓ.எம்.ஆர். இருக்கே?" நியாயமான கேள்வி. தரமணியில் டைடல் பார்க் திறந்ததும் 2000இல்தான், கண்ணகி நகர் குடியேறத் தொடங்கியதும் அந்தக் காலத்தில்தான். ராஜீவ் காந்தி சாலை முழுக்கக் கண்ணாடிக் கட்டடம். இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு அதிகாரிகளும் அதைத்தான் காரணமாகச் சொன்னார்கள், பக்கத்திலேயே வேலை வரும் என்று. வந்தது. ஹவுஸ்கீப்பிங், செக்யூரிட்டி, கேன்டீனில் தட்டு கழுவுவது, கேப் ஓட்டுவது. கம்பெனி நேரடியாக எடுப்பதில்லை, கான்டிராக்ட்காரர் எடுப்பார். கான்டிராக்ட் மாறினால் சர்வீஸ் முதலிலிருந்து தொடங்கும். முதலில் சொன்ன அம்மா கடைசியில் இப்படித்தான் ஓர் அலுவலகத்தில் துடைப்பத்துக்குப் பதில் மாப் பிடித்தார். இப்போது யூனிஃபார்ம் உண்டு, பி.எஃப். பிடித்தம் உண்டு. கைமாத்து கேட்க வாசல் இல்லை.

படித்த பிள்ளைகளுக்கு அந்தக் கட்டடத்தின் மேல் மாடியில் என்ன நடந்தது? எங்களில் ஒருவர் பி.காம். படித்தவர். ஒரு கால் சென்டர் நேர்முகத் தேர்வில் இரண்டு சுற்று தாண்டி, மூன்றாவதில் படிவம் நிரப்பினார். படிவத்தைப் பார்த்தவர் முகத்தை நிமிர்த்தாமலே கேட்டார், "கண்ணகி நகரா? சரி, நாங்க கூப்பிடுறோம்." அவர்கள் கூப்பிடவில்லை. அடுத்த கம்பெனியில் 'துரைப்பாக்கம்' என்று மட்டும் எழுதினார். வேலை கிடைத்தது. ராத்திரி ஷிஃப்ட் முடிந்து கேப்பில் வரும்போது மெயின் ரோட்டிலேயே இறங்கிக்கொள்வார், டிரைவருக்குக்கூட வீடு எங்கே என்று தெரியாமல் பார்த்துக்கொண்டார். ஒன்றரை வருஷம். ஆதாரில் விலாசம் மாற்றியிருந்தால் சான்றிதழ் சரிபார்ப்பில் மாட்டிக்கொள்வோம் என்று பழைய ஆற்றங்கரை விலாசத்தையே வைத்திருந்தார். இடித்துத் தள்ளிய குடிசையின் கதவு எண்தான் அவருக்குக் கௌரவமான விலாசமாக இருந்தது. பைக்குக் கடன் கேட்டுப் போனால் ஏரியா பெயரைக் கேட்டதும் ஃபைனான்ஸ்காரர்கள் ஃபைலை மூடிய கதை எங்கள் எல்லோரிடமும் உண்டு. பைக் இல்லாதவனுக்கு டெலிவரி வேலையும் இல்லை.

கண்ணகி நகர் என்ற பெயரை யார் வைத்தார்களோ, முழுக் கதையையும் யோசித்து வைத்திருக்கமாட்டார்கள். புகாரில் பொருளிழந்து, பிழைப்புத் தேடி வேறு ஊருக்கு வந்த குடும்பம்தான் அது. விற்க வந்த சிலம்பு சொந்தச் சிலம்பு. ஆனால் மதுரைக்கு அவன் அயலூர்க்காரன், ஆகவே அவன் திருடன் என்று சொன்னதும் எல்லோரும் நம்பினார்கள். எங்கே எது களவு போனாலும் ராத்திரி எங்கள் பிளாக்குக்கு வண்டி வரும்போது இந்தக் கதை எங்களுக்கு ஞாபகம் வரும். பிறகு அந்தப் பையன் மறுநாள் வேலைக்குப் போகமாட்டான். இரண்டு முறை இப்படி லீவு போட்டால் கான்டிராக்ட்காரர் வேறு ஆளைப் போட்டுவிடுவார்.

2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வென்றது. அந்த அணியில் ஆடிய கார்த்திகாவை நாடே 'கண்ணகி நகர் கார்த்திகா' என்று அழைத்தது. நாங்கள் படிவத்தில் மறைத்த ஊர்ப் பெயரை அந்தப் பெண் தன் பெயருக்கு முன்னால் வைத்துக்கொண்டார். அன்று ராத்திரி எங்கள் தெருவில் வெடித்த வெடி தீபாவளி மிச்சம் இல்லை, காசு போட்டு வாங்கியது.

ஒருவேளை இது ஏழ்மை மீதான வெறுப்பு மட்டும்தானோ, இதில் சாதி எங்கே வந்தது என்று கேட்பவர்களுக்கு: விலாசம் கேட்பது பல நேரம் சாதி கேட்பதற்கான மரியாதையான வழி. 'எந்த ஏரியா', 'சொந்த ஊர் எது, ஊருக்குள்ளயா', 'அப்பா என்ன பண்றார்' என்ற மூன்று கேள்விக்குள் எல்லாம் தெரிந்துவிடும். சுக்தேவ் தொராட்டும் பால் அட்டுவெல்லும் 2007இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. தனியார் நிறுவனங்களின் விளம்பரங்களுக்கு ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களை வெவ்வேறு பெயர்களில் அனுப்பினார்கள். தலித் பெயர் தாங்கிய விண்ணப்பத்துக்கு அழைப்பு வரும் வாய்ப்பு, உயர்சாதி இந்துப் பெயருக்கு இருந்ததில் மூன்றில் இரண்டு பங்குதான். முஸ்லிம் பெயருக்கு அதைவிடவும் மோசம், மூன்றில் ஒரு பங்கு. தகுதி என்ற சொல்லை வைத்து நம்மோடு வாதாட வருகிறவர்களிடம் மாணவர்கள் காட்ட வேண்டிய ஆய்வு அது.

இந்த வரலாற்றில் நமக்கு முன்னால் போனவர் அண்ணல். 1917இல் பரோடாவில் அவருக்கு நடந்ததை நாம் தீண்டாமைக் கதையாகப் பலமுறை படித்திருக்கிறோம். இந்த உரைக்காக அதை ஒரு வேலைக் கதையாக மறுபடி படித்தோம். கொலம்பியாவில் படித்துவிட்டு வந்தவர். சமஸ்தானத்தில் உத்தியோகம் தயாராக இருக்கிறது. அலுவலகம் இருக்கிறது, நாற்காலி இருக்கிறது. தங்க இடம் இல்லை. ஒரு பார்சி விடுதியில் பார்சிப் பெயர் சொல்லித் தங்குகிறார், அதாவது அவரும் படிவத்தில் வேறு எழுதினார். பதினோராம் நாள் தடிகளோடு வந்து வெளியேற்றுகிறார்கள். தெரிந்தவர்களிடம் கேட்டும் இடம் கிடைக்கவில்லை. பொதுப் பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு ராத்திரி ரயிலில் பம்பாய் திரும்புகிறார். வேலை போயிற்று. அவர் படிப்பில் குறை இல்லை, அந்த ஊரில் வேலைக்கும் பஞ்சமில்லை. எங்கள் பி.காம். தோழர் இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை.

போய் வரும் வழியும் நமக்கு இனாமாக வந்ததில்லை. பொதுச் சாலையில் நடக்கும் உரிமைக்காக 1924இல் சென்னை மாகாணச் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தவர் இரட்டைமலை சீனிவாசன். அந்தத் தெருவில் நடக்க முடியாதவன் அந்தத் தெரு வழியாக வேலைக்கும் போக முடியாது. நூறு வருஷம் கழித்து, 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்றானபோது எங்கள் அம்மாமார்களுக்கு நடந்ததை நாங்கள் கண்ணால் பார்த்தோம். 1,300 ரூபாயில் பெரும்பகுதி கையில் நின்றது. சிலர் விட்டுப்போன வீட்டு வேலையைத் திரும்பப் பிடித்தார்கள். ஒரு திட்டம் நல்லது என்றால் நல்லது என்று சொல்லிவிட வேண்டும். ஆனால் அந்த பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்துக்கு இலவசம் கிடையாது. சாதா பஸ் மூன்று டீலக்ஸுக்கு ஒன்றாக வந்தால், காசில்லாதவள் முக்கால் மணி நேரம் நிற்க வேண்டும், அந்த முக்கால் மணிக்குள் வேலை வீட்டம்மாவிடமிருந்து இரண்டு போன் வந்துவிடும். தோழரின் நோட்டில் பயண நேரத்துக்கும் காத்திருந்த நேரத்துக்கும் தனித்தனிப் பத்தி இருந்தது. ஏன் பிரித்து எழுதினார் என்று இப்போதுதான் புரிகிறது.

சட்டம் என்ன சொல்கிறது? 1985இல் ஓல்கா டெல்லிஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், பிழைக்கும் வழி இல்லாமல் உயிர் வாழும் உரிமை இல்லை என்பதை ஏற்றது. பம்பாய் நடைபாதைவாசிகள் அங்கே படுத்தது பக்கத்தில் வேலை இருந்ததால்தான், இடத்தைவிட்டு எடுத்தால் வேலையும் போகும் என்பதையும் ஏற்றது. அதே தீர்ப்பு மழைக்காலம் முடியும்வரை மட்டும் பொறுக்கச் சொல்லிவிட்டு வெளியேற்றத்தை அனுமதித்தது. சட்டக் கல்லூரி மாணவர்கள் அந்தத் தீர்ப்பின் முதல் பாதியைத்தான் பெரும்பாலும் மேற்கோள் காட்டுகிறார்கள். எங்கள் மக்கள் வாழ்வது இரண்டாம் பாதியில்.

இனி, எங்களுக்குள் ஒத்துப்போகாத இடம். எங்களில் மூவர், எந்தக் குடும்பத்தையும் நகரத்தைவிட்டு வெளியே அனுப்பக் கூடாது, இருந்த இடத்திலேயே கட்டித் தர வேண்டும், ஏற்கெனவே அனுப்பியவர்களில் விரும்புகிறவர்களுக்கு நகரத்துக்குள் இடம் தர வேண்டும் என்று கேட்கிறோம். இடமே இல்லை என்பது பொய். புளியந்தோப்பு கே.பி. பார்க்கில் நகரத்துக்குள்ளேயே அடுக்குமாடி கட்டினார்கள். 2021இல் அதன் பூச்சு கையால் தட்டினால் உதிர்ந்தது என்பது கட்டியவர்களின் லட்சணம், இடத்தின் குற்றம் அல்ல.

நான்காமவர் ஒரு பெண். அவர் இதை எழுதும்போது எங்களிடம் சொன்னதை அப்படியே வைக்கிறோம்: "நீங்க மூணு பேரும் ஆம்பளைங்க. ஆத்தங்கரையில விடியறதுக்கு முன்னாடி ஒதுங்கப் போனது எங்கம்மாவும் நானும். இங்க வீட்டுக்குள்ள கக்கூஸ் இருக்கு, தாழ்ப்பாள் இருக்கு. நான் திரும்பி வரமாட்டேன். எனக்கு இங்கயே வேலை குடு, இங்கயே பஸ் குடு, பாலவாடியைச் சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் திற." நாங்கள் பதில் சொல்லப் பார்த்தோம். கக்கூஸும் வேலையும் ஒரே இடத்தில் கிடைக்கக் கூடாதா என்றோம். "கிடைச்சா சொல்லுங்க, வர்றேன்" என்றார். அந்த வாதம் இன்னும் முடியவில்லை. ஒன்றில் மட்டும் நால்வரும் உடன்பட்டோம்: இனி ஒரு குடும்பத்தை இடம் மாற்றுவதற்கு முன் அந்த வீட்டில் யார் யார் எங்கே எத்தனை மணிக்கு வேலைக்குப் போகிறார்கள் என்று கணக்கெடுக்க வேண்டும், அந்தக் கணக்கைப் பொதுவில் வைக்க வேண்டும், மாற்றிய பிறகு ஒரு வருஷம் கழித்து அதே வீட்டில் மறுபடி எடுக்க வேண்டும். கூலி குறைந்திருந்தால் அதை ஈடு செய்ய வேண்டும்.

அரசு எடுக்கும்வரை நாங்களே எடுக்கத் தொடங்கியிருக்கிறோம். தோழரின் நோட்டில் அவர் கோடு போட்டிருந்த அதே பத்திகள்: கிளம்பிய நேரம், காத்திருந்த நேரம், இறங்கிய நேரம், வேலை கிடைத்ததா, கையில் வந்தது எவ்வளவு. இதுவரை எங்கள் மூன்று பகுதிகளிலும் 61 பேர் எழுதுகிறார்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு அவர்கள் பிள்ளைகள் எழுதுகிறார்கள். சிலர் இரண்டு வாரத்தில் விட்டுவிட்டார்கள். 'தெனமும் இதப் பாத்தா வயிறு எரியுது' என்றார் ஒரு அக்கா. அவரைக் கட்டாயப்படுத்தவில்லை.

கல்லூரி மாணவர்கள் எங்களுக்கு வேண்டும். கணக்குப் போடத் தெரிந்தவர்கள், கணினியில் ஏற்றத் தெரிந்தவர்கள். ஆனால் முதலில் ஒரு வாரம் எங்களோடு பஸ்ஸில் வர வேண்டும், அதன் பிறகுதான் நோட்டு கையில் வரும். திங்கட்கிழமை விடியற்காலை நாலரை மணிக்குப் பெரும்பாக்கம் பஸ் நிலையத்தில் இருப்போம். டீக்கடை அப்போதே திறந்திருக்கும். அந்த நேரத்துக்கு அங்கே வந்து சேர உங்களுக்கு பஸ் இருக்காது, முதல் நாள் ராத்திரியே வந்துவிடுங்கள். தோழரின் மகள் தன் வீட்டில் படுக்க இடம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.